பிழைக்காசா, அடிபட்ட காசா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் கடிகாரம் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் காசையும் காட்டிப் பார்ப்போம் என்று யாரோ ஒருவர் ஆரம்பித்து வைத்தார். இப்போது கடிகாரத்தைவிட நாணயக் குற்றிகள்தான் அதிகம் வருகின்றன. கோயில் உண்டியல் எண்ணியவர்கள், பஸ் நடத்துநர்கள், பாடசாலைப் பிள்ளைகள், பாட்டியின் பெட்டியைக் குடைந்த பேரன்மார் என்று எல்லோரும் கண்ணாடி மேசையில் குற்றியை வைத்துவிட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்தேன்.

ஐயா, பிழைக்காசு என்றால் பழைய காசுதானே?

இல்லை. நூறு வருடப் பழமையுள்ள காசு எந்தப் பிழையும் இல்லாமல் இருக்கலாம். போன வருடம் வந்த காசில் பெரிய பிழை இருக்கலாம். நாணயச்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, அடிக்கும் வேலையில் ஏதோ தவறி, அதை யாரும் கவனிக்காமல் மூட்டையில் கட்டி அனுப்பியிருந்தால் அது பிழைக்காசு. வெளியே வந்த பிறகு மனிதர் கையிலோ, தெருவிலோ, அடுப்பிலோ நேர்ந்தது எதுவானாலும் அது அடிபட்ட காசு. அதற்கு முகப்பு விலைக்கு மேல் ஒரு சதமும் கிடையாது.

கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றித்தான். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: இந்தக் கோளாறு இயந்திரத்தில் எப்படி நடந்திருக்கும் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் நான் அதைப் பிழை என்று ஒப்புக்கொள்வதில்லை.

காசு எப்படி அடிக்கிறார்கள் என்பதை நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

முந்தைய பதிலின் கடைசி வரிக்காக. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். வீட்டில் ரொட்டி மாவைத் தேய்த்து டம்ளரால் அழுத்தி வெட்டுவதுபோல. அந்த வில்லையை விளிம்பு சற்று உயரும்படி உருட்டி நெருக்குகிறார்கள். பிறகு அது இரண்டு அச்சுகளுக்கு நடுவே போகிறது. சுற்றிலும் ஓர் இரும்பு வளையம் இருக்கும். அச்சு ஓங்கி அழுத்தும்போது உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் அந்த வளையம் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கப் படமும் விளிம்பின் பற்களும் ஒரே அடியில் விழுந்துவிடும்.

ஆகவே கோளாறு மூன்று இடங்களில் வரலாம்: வில்லையில், அச்சில், அடிக்கும் கணத்தில். இலங்கைக்கு இன்று சொந்த நாணயச்சாலை கிடையாது. மத்திய வங்கி வெளிநாட்டு நாணயச்சாலைகளில் அடிப்பித்துக் கப்பலில் கொண்டுவருகிறது. அங்கே எண்ணி, சலித்து, பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதையும் தாண்டி வந்து சேர்வது கொஞ்சம்தான்.

இதையெல்லாம் பார்க்கப் பெரிய கருவிகள் வேண்டுமா?

பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கி ஒன்று, ஒரு கைவிளக்கு, ஒரு காந்தம் போதும். கிராமின் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சிறிய தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழகிய நகைக்கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, அதே வகையில் அதே ஆண்டில் வந்த ஒழுங்கான காசு ஒன்று. பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதி, ஒப்பிட இன்னொரு காசை எடுத்து வைத்த உடனேயே தீர்ந்துவிடுகிறது.

விளக்கை நேர் மேலிருந்து அடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்த்து அடியுங்கள். மேடும் பள்ளமும் அப்போதுதான் நிழல் விட்டுக் காட்டும்.

விளிம்பில் எலி கடித்ததுபோல் ஒரு துண்டு இல்லை. இது பிழையா?

இருக்கலாம். இது எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதற்குக் காசே சாட்சி சொல்லும். வில்லை வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுக்கத்தி மறுபடி விழும். அப்போது வில்லையில் பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். ரொட்டி மாவில் முதல் வட்டத்தை ஒட்டி அடுத்த வட்டத்தை வெட்டிப் பாருங்கள், அப்படியே தெரியும்.

இப்போது குறைந்த இடத்தைப் பார்க்காமல், அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். உண்மையான பிழையில் அங்கே விளிம்பு மங்கி, தட்டையாகக் கரைந்ததுபோல் இருக்கும். விளிம்பை உயர்த்தும் இயந்திரம் வில்லையை இரண்டு பக்கமும் நெருக்குகிறது. ஒரு பக்கத்தில் உலோகம் இல்லை என்றால் எதிர்ப்பக்கத்தில் நெருக்கம் விழாது. பிளேக்ஸ்லி விளைவு என்று இதைச் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். எல்லாப் பிழைக்காசிலும் இது அழுத்தமாகத் தெரியாது. தெரிந்தால் பெரிய ஆறுதல்.

அரத்தால் தேய்த்த காசில் எதிர்ப்பக்கம் முழுதாக இருக்கும். குறைந்த இடத்தில் அரத்தின் கோடுகள் ஓடுவது உருப்பெருக்கியில் தெரியும். வெட்டுக்குப் பக்கத்திலுள்ள எழுத்தையும் பாருங்கள்: உண்மையில் அது வெட்டை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்கும், போலியில் கத்தியால் அறுத்ததுபோல் சட்டென்று நின்றுவிடும்.

படம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. எவ்வளவு ஒதுங்கினால் கணக்கு?

வில்லை வளையத்துக்குள் சரியாக உட்காராமல் அடிபட்டால் படம் ஒதுங்கும். எதிர்ப்பக்கத்தில் பிறைபோல் வெறும் உலோகம் தெரியும். விளிம்பு ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்திருப்பது மட்டும் என்றால் அதை விட்டுவிடுங்கள், அப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. எழுத்துகள் சில காசுக்கு வெளியே போய்விட்டன, ஆனால் ஆண்டு மட்டும் முழுதாக நிற்கிறது என்றால் அதுதான் சேகரிப்பாளர் தேடுவது. பாதிவரை ஒதுங்கி, ஆண்டும் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆண்டு போய்விட்டால் மதிப்பும் பாதி போயிற்று.

படம் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் காசு அகன்று தட்டையாகிப் பற்களும் இல்லை என்றால் வளையம் இல்லாமல் அச்சடித்தது. இங்கே அளவுகோலை எடுங்கள். வளையமில்லாமல் அச்சடித்த காசு குறுக்களவில் கூடியிருக்கும், எடை மாறாது. யாரோ பல்லைத் தேய்த்து எடுத்த காசு குறுக்களவிலும் எடையிலும் குறைந்திருக்கும்.

நம் நாட்டில் இதைக் கண்டுபிடிக்க வசதியான காசுகள் இரண்டு: மூலை மழுங்கிய சதுர 5 சதமும், 2009 ஆண்டு பொறித்த பதினொரு பக்க 10 ரூபாவும். வட்டக் காசில் கண் ஏமாறும். மூலையுள்ள காசில் படம் கொஞ்சம் ஒதுங்கினாலும் உறுத்தும்.

முன்பக்கம் நேராக இருக்கிறது. திருப்பினால் மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. விலை உண்டா?

முதலில் எப்படித் திருப்பினீர்கள் என்று சொல்லுங்கள். நம் காசுகளைப் புத்தகத் தாள் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்பினால் பொதுவாக இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். மேலிருந்து கீழாகப் புரட்டிவிட்டு, "தலைகீழாக இருக்கிறது" என்று ஓடி வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. வேறு நாட்டுக் காசு என்றால் முறையும் வேறாக இருக்கலாம். அமெரிக்கக் காசை மேலிருந்து கீழாகப் புரட்டினால்தான் நேராக வரும்.

சரியாகத் திருப்பியும் சாய்ந்திருந்தால் அச்சு தளர்ந்து சுழன்றிருக்கிறது. கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டில் நிற்க வேண்டியது பன்னிரண்டரைக்கான இடத்தில் நின்றால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மூன்றிலோ ஆறிலோ நின்றால் எடுத்துவையுங்கள்.

எழுத்து எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது, அண்ணே. இதுதான் பெரிய விலைக் காசா?

பெரும்பாலும் இல்லை. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இரட்டிப்பு இரண்டு வகை. அச்சைச் செய்யும்போதே எழுத்து இரண்டு முறை பதிந்துவிட்டால் அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இரட்டிப்பு வரும். அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டின் ஒரு சென்ட் இப்படித்தான் புகழ்பெற்றது. மற்றது, அடித்து முடித்துவிட்டு அச்சு விலகும்போது சற்று அசைந்து எழுத்தின் ஓரத்தை இழுத்துவிடுவது. இது மிகச் சாதாரணம்; விலை கிடையாது.

பிரித்தறிய உருப்பெருக்கியை வைத்து ஓர் எழுத்தின் நுனியைப் பாருங்கள். அச்சிலேயே இரட்டித்த எழுத்து தடித்திருக்கும். இரண்டு எழுத்துகளும் உருண்டு திரண்டு நிற்கும். மூலைகளில் சிறு பிளவு தெரியும். அசைவால் வந்த இரட்டிப்பில் எழுத்து மெலிந்து, பக்கத்தில் தட்டையாக ஒரு படிக்கட்டு இருக்கும். கத்தியால் வழித்ததுபோல் மினுங்கும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. 2005-இல் நம் காசுகள் பூச்சுப் பூசிய எஃகுக்கு மாறின. அழுத்தும்போது எழுத்தின் ஓரத்தில் பூச்சு விரிந்து கறுப்புக் கோடு விழுவதுண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் நிழல்போல் இரட்டிப்பாகத் தெரியும். அதுவும் விலையில்லாதது.

ராசாவின் கழுத்தில் கோடு ஓடுகிறது. விளிம்பில் ஒரு கட்டி இருக்கிறது. கீறலா?

விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கோடு பள்ளமாக இருந்தால் கீறல். மேடாக இருந்தால் அச்சில் வெடிப்பு விழுந்து, உலோகம் அந்த வெடிப்புக்குள் ஏறியிருக்கிறது. வெளியே கீறி மேட்டை உண்டாக்க முடியாது என்பதால் இதில் பொய் சொல்வது கடினம். வெடிப்பு பெரிதாகி அச்சின் ஓரத் துண்டே உடைந்து விழுந்தால், காசின் விளிம்பில் படமில்லாத தடித்த கட்டி வரும். கோட்டைவிடக் கட்டிக்கு மதிப்பு அதிகம்.

எழுத்து ஒன்றிரண்டு மட்டும் மறைந்திருந்தால் அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கலாம். ஆனால் பல வருடம் கைமாறித் தேய்ந்த காசிலும் எழுத்து மறையும். மற்ற எழுத்துகள் புதிதுபோல் கூர்மையாக இருக்கும்போது ஒன்று மட்டும் காணாமல் போயிருந்தால்தான் நான் இரண்டாவது முறை பார்ப்பேன்.

ஒரு பக்கம் சரியாக இருக்கிறது. மறுபக்கம் அதே படம் குழியாக, இடம்வலம் மாறி இருக்கிறது!

அடித்து முடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லை அந்தக் காசின் மேல் அழுந்தும். அப்போது அதன் ஒரு பக்கத்தில் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி, உள்ளே குழிந்து விழும். ப்ரோக்கேஜ் என்பார்கள். நல்ல ப்ரோக்கேஜ் ஒன்று என் கடைக்கு இதுவரை ஒரே முறைதான் வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் ஒரு நடத்துநர். "கள்ளக் காசு என்று யாரும் வாங்க மறுக்கிறார்கள், ஐயா" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

போலி செய்வதும் சுலபம். பட்டறைக் குறட்டில் இரண்டு காசுகளை வைத்து நெருக்கினால் ஒன்றின் படம் மற்றதில் குழியாகப் பதியும். அப்படிச் செய்ததில் பழைய படத்தின் மிச்சம் குழிக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும், மறுபக்கமும் தட்டையாகியிருக்கும். உண்மையான ப்ரோக்கேஜில் குழிந்த பக்கத்தில் வேறு எந்தப் படத்தின் சுவடும் இராது.

பெரிதாக, மெல்லியதாக, முட்டை வடிவில் ஒரு காசு கிடைத்தது. படம் மங்கலாகத் தெரிகிறது.

எங்கே கிடைத்தது? பாதைக்கு அருகிலா, ரயில் பாதைக்கு அருகிலா? தண்டவாளத்தில் காசு வைத்து உடரட்ட மெனிக்கே ரயில் வரும்வரை புதருக்குள் ஒளிந்திருக்காத பிள்ளை இந்தப் பாதையோரத் தேயிலைத் தோட்டங்களில் உண்டா? நானும் வைத்திருக்கிறேன், அலுமினிய 5 சதம் பப்படம்போல் விரியும். அப்பாவிடம் வாங்கிய அடி தனிக்கணக்கு.

சக்கரம் நசுக்கிய காசில் படமும் சேர்ந்து நீளும். இயந்திரப் பிழையில் படம் அச்சில் உள்ள அளவிலேயே நிற்கும், உலோகம்தான் விரியும். ராசாவின் முகம் நீண்டிருந்தால் அது ரயிலின் வேலை.

மஞ்சள் நிற 5 ரூபா வெள்ளையாக இருக்கிறது. வேறு உலோகத்தில் அடித்துவிட்டார்களா?

ஆண்டைப் பாருங்கள். பித்தளை நிறத்துக்குப் பழகிய கண்ணுக்குப் புதிய காசுகள் விசித்திரமாகத்தான் இருக்கும். 2017 தொடரில் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது பிழை அல்ல.

2005-க்குப் பிந்தைய பித்தளைப் பூச்சுக் காசு என்றால் பூச்சு போயிருக்கலாம். அமிலத்தில் போட்டால் பூச்சு கரையும். நம் ஊர் ஈரத்திலும் ஓரத்திலிருந்து உரியும். பூச்சே பூசாமல் அடித்த காசு உண்மையில் வருவதுண்டு. ஆனால் அதில் படம் முழுக் கூர்மையுடன் இருக்கும், மேற்பரப்பு வழவழவென்று இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் சொறிபிடித்ததுபோல் பள்ளம் பள்ளமாக இருந்தால் அது அமிலம். இன்னொன்று: 2005-க்கு முந்தைய நிக்கல் பித்தளை 5 ரூபாவைக் காந்தம் இழுக்காது. பூச்சுப் பூசிய எஃகுக் காசை இழுக்கும். காந்தம் ஆண்டுக்குப் பொருந்தாமல் நடந்துகொண்டால் அந்தக் காசைச் செலவழிக்காதீர்கள், யாரிடமாவது காட்டுங்கள்.

நேர்த்திக்கடனுக்காக மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒருவிதப் பழுப்பேறும். அதை "தங்கப் பூச்சுப் பிழை" என்று ஒரு தம்பி கொண்டுவந்தான். முகர்ந்து பார்த்தேன், மஞ்சள் வாசம் அடித்தது. மாரியம்மனுக்கு முடிந்ததை அவளுக்கே போட்டுவிடச் சொன்னேன்.

நிறுத்துப் பார்த்தேன், எடை குறைகிறது. அப்படியானால் பிழைதானே?

எடை குறைவு மட்டும் எதையும் நிரூபிக்காது. தேய்ந்தால் குறையும், அமிலத்தில் ஊறினால் குறையும், அரம் பட்டால் குறையும். எடையை எப்போதும் இன்னொரு சாட்சியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கடித்த காசில் எதிர்விளிம்பு, அகன்ற காசில் குறுக்களவு என்று மேலே சொன்னது அதற்காகத்தான். புதிதுபோல் இருக்கும் காசு தெளிவாக எடை குறைந்து, பருமனும் குறைந்திருந்தால் மெல்லிய தகட்டில் வெட்டியதாக இருக்கலாம்.

இரண்டு பக்கமும் தலையே உள்ள காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. பல லட்சம் போகுமாமே?

வித்தை காட்டுபவர்களுக்காகச் செய்தது. ஒரு காசை உள்ளே குடைந்து, இன்னொன்றை மெலிதாக்கி அதற்குள் பொருத்துவார்கள். விளிம்பின் உட்பக்கத்தில் முடிபோல் ஒரு வட்டக் கோடு உருப்பெருக்கியில் தெரியும். கண்ணாடி மேசையில் போட்டால் கணீரென்று ஒலிக்காமல் "டொக்" என்று விழும். இதுவரை நான் பார்த்த இருதலைக் காசுகள் எல்லாமே டொக் வகைதான்.

சேரக் கூடாத இரண்டு அச்சுகள் சேர்ந்து அடித்த உண்மைப் பிழைகள் உலகில் உண்டு. மியூல் என்பார்கள். பிரிட்டனில் 2008-இல் 20 பென்ஸ் காசின் வடிவத்தை மாற்றி, ஆண்டை மறுபக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய தலைப்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் சேர்ந்துவிட, எந்தப் பக்கத்திலும் ஆண்டே இல்லாத காசுகள் வெளிவந்தன. பத்திரிகைகள் ஆயிரக்கணக்கான பவுண் என்று எழுதின. பரபரப்பு அடங்கியபின் 50 பவுண் அளவில் நின்றது. இத்தனை புகழ்பெற்ற, மறுக்க முடியாத பிழைக்கே அவ்வளவுதான்.

ராணி தலை போட்ட 2 சதம், அலை அலையான விளிம்பு, ஒவ்வொன்றிலும் வேறு படம் உள்ள 10 ரூபா… இவையெல்லாம்?

எதுவும் பிழை அல்ல. அலை விளிம்பு 2 சதமும் 10 சதமும் 1944-இலிருந்து வந்த வடிவம். எலிசபெத் ராணியின் தலை இலங்கைக் காசில் 2 சதத்தில் மட்டும்தான் வந்தது, 1955, 1957 ஆண்டுகளில். அதனால் பலருக்குப் பழக்கமில்லை. வேறு வேறு படமுள்ள 10 ரூபாக்கள் 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக 2013 ஆண்டு பொறித்து வெளியிட்டவை. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை நான்கையும் சேர்த்து வையுங்கள். பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

பாட்டியின் பெட்டியில் எழுத்தும் நம்பரும் குத்திய தகரத் துண்டு ஒன்று இருந்தது. இது எந்த நாட்டுக் காசு?

காசே அல்ல. ஒரு நிமிடம் நின்று வாசியுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்து முகாம்களிலிருந்து நம் மூதாதையர் தோட்டங்களுக்கு வரும்போது, எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் குத்திய தகரத் துண்டைக் கையில் கொடுத்தார்கள், பலர் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் உள்ள எண் உங்கள் பூட்டன் ஏறிய தோட்டத்தின் அடையாளம். ஓட்டை இருப்பது கயிறு கோக்க. அதைப் "பிழை" என்று யாராவது நூறு ரூபாவுக்குக் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

அதற்கும் முந்தைய கோப்பிக் காலத்தில் கொழும்பு வணிகர்கள் தங்கள் கிடங்குகளில் கோப்பி பொறுக்கியவர்களுக்குக் கூலியாகப் பித்தளை, செம்பு வில்லைகள் கொடுத்தார்கள். அவையும் அரசின் காசு அல்ல. ஆனால் அவற்றுக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கொண்டுவரும் பிழைக்காசில் பத்தில் ஒன்பதைவிட அவை மேல்.

காசுமாலையில் உள்ள விக்டோரியா ரூபாவில் எழுத்து மாறியிருக்கிறது. தனியாகக் கழற்றி விற்கலாமா?

1957-க்கு முன் இலங்கைக்கென்று ஒரு ரூபாக் குற்றி இருக்கவில்லை. இந்திய வெள்ளி ரூபாதான் இங்கும் ஓடியது. அதனால்தான் நம் வீடுகளில் இவ்வளவு விக்டோரியாவும் ஜோர்ஜும். ஒன்றின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1939 வரை நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, 1940-இல் பாதியாகக் குறைந்தது. 1862-க்குப் பிறகு பொறித்த வாசகம் "விக்டோரியா ராணி" என்பதிலிருந்து 1877-இல் "விக்டோரியா பேரரசி" என்று மாறியது. நீங்கள் சொல்லும் எழுத்து மாற்றம் பெரும்பாலும் அதுதான்.

கொக்கி பற்றவைத்த காசைச் சேகரிப்பாளர் வெள்ளி விலைக்குத்தான் எடுப்பார். கொக்கியைக் கழற்றித் தேய்த்தால் இன்னும் மோசம். மாலை மாலையாகவே இருக்கட்டும்.

சரி, என் காசு பிழைதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். என்ன விலை?

இதற்குப் பட்டியல் கிடையாது. கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் ஒரு சேகரிப்பாளர் அன்றைக்கு என்ன கொடுக்கிறாரோ அதுதான் விலை. அவர் பார்ப்பது: கண்ணுக்குத் தெரியும் பிழையா, உருப்பெருக்கி வைத்தால்தான் தெரியுமா, ஆண்டு தெரிகிறதா, காசு புதிதுபோல் இருக்கிறதா, அந்த வகையில் இதுபோல் வேறு எத்தனை வந்திருக்கின்றன. மேசைக்கு அப்பாலிருந்து பார்த்தாலே "அட!" என்று சொல்ல வைக்கும் பிழைக்குத்தான் பணம். மெல்லிய அச்சு வெடிப்பு, சிறிய சாய்வு, அடைபட்ட எழுத்து ஆகியவை ஒரு பிளேன்டீ, ஒரு வடை அளவுக்குத்தான்.

நான் கொடுத்ததைச் சொல்கிறேன். மூன்றில் ஒரு பங்கு ஒதுங்கி, ஆண்டும் தெரிந்த 2 ரூபா ஒன்றுக்கு 3,000 ரூபா கொடுத்தேன். மனைவி இரண்டு நாள் கதைக்கவில்லை. அதே குற்றி வேறொருவரிடம் 1,000-க்கும் போயிருக்கலாம், 5,000-க்கும் போயிருக்கலாம். இணையத்தில் பார்ப்பதானால் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்பதற்கு என்ன, யாரும் கோடி கேட்கலாம்.

ஆனால் யூடியூபில் 5 ரூபாவுக்கு 5 லட்சம் என்கிறார்களே?

அந்தக் காணொளியில் வாங்குபவரின் முகம் எங்காவது தெரிகிறதா? பெரும்பாலும் இந்தியக் காசைப் பற்றி அங்கே சொன்னதை இங்கே எடுத்து ஓட்டுகிறார்கள். நம்பி அழைத்தால் முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கொண்டுவரும் செலவு என்று உங்களிடம்தான் பணம் கேட்பார்கள். பழைய காசு, தாள் வாங்கி விற்பதில் தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசை வாங்குபவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். ஒரு ரூபா முன்பணம் கேட்டாலும் தொலைபேசியை வையுங்கள். கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

என் அயலில் ஒரு அம்மா மூன்று மாதம் கொழுந்து பறித்துச் சேர்த்ததை இப்படி இழந்தார். காசு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. ஒழுங்கான, பிழையே இல்லாத 5 ரூபா.

பளபளப்பாக இருந்தால் நல்ல விலை வரும் என்று புளி போட்டுத் தேய்த்தேன்…

அச்சச்சோ. குத்துவிளக்குக்குப் புளி சரி. காசுக்கு வேண்டாம், எலுமிச்சை, பற்பசை, சாம்பல் எதுவுமே வேண்டாம். தேய்த்த காசில் ஆயிரம் மயிரிழைக் கோடுகள் விழும், விலை அங்கேயே விழுந்துவிடும். மண் ஒட்டியிருந்தால் நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து, துணியில் ஒற்றி உலர்த்துங்கள்.

மலையகத்தில் உண்மையான எதிரி மூடுபனி. பூச்சு எஃகு ஓரத்தில் துருப்பிடிக்கும், செம்பு பச்சைக் களிம்பு கட்டும். அடுப்படிச் சுவரில் மாட்டிய உண்டியல் வேண்டாம். மலிவான மென்பிளாஸ்டிக் உறைகளிலும் நாளடைவில் பசை கசிந்து காசைப் பச்சையாக்கும். தடித்த காகித உறையில் தனித்தனியாகப் போட்டு, மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். காசைப் பிடிக்கும்போது விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

அமெரிக்காவுக்கு அனுப்பிச் சான்றிதழோடு பெட்டிக்குள் அடைத்துத் தருவார்களாமே?

பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. அவர்களின் சான்றுக்கு மதிப்பும் உண்டு. ஆனால் கட்டணமும் தபாற்செலவும் டொலரில். நம் ஒரு ரூபாவின் சிறு பிழைக்கு அதைச் செய்வது, ஐம்பது ரூபாக் கடிகாரத்துக்கு ஐயாயிரம் ரூபாவில் பட்டி போடுவது.

தோட்டத்தில் வடிகால் கான் வெட்டும்போது மண்ணில் ஒரு குடம் காசு கிடைத்தால்?

அது சேகரிப்பு விஷயமே அல்ல. புதைபொருளைச் சொந்தமாக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தராது. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். என் கடைக்குக் கொண்டுவராதீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் காசைக் குறைத்துச் சொல்லி நீங்களே வாங்கிக்கொள்வதில்லையே?

கேட்க வேண்டிய கேள்விதான். யாரிடம் போனாலும் கேளுங்கள். என் வழக்கம் இதுதான்: பிழை என்று தோன்றினால் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படமெடுத்து, எடையைத் தாளில் எழுதி, காசையும் தாளையும் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். இன்னும் இரண்டு பேரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்பேன். அன்றே அந்த மேசையில் நான் எதையும் வாங்குவதில்லை.

அந்த ப்ரோக்கேஜ் நடத்துநர் அப்படிப் போனவர்தான். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்து, "விற்கவில்லை, ஐயா. பர்ஸிலேயே வைத்திருக்கிறேன்" என்றார். பர்ஸில் வைத்தால் தேய்ந்துவிடும் என்று ஒரு காகித உறை கொடுத்தேன். உறைக்குக் காசு வாங்கவில்லை. அவர் கடிகாரத்துக்குப் புது பற்றரி போட்டதற்கு மட்டும் வாங்கினேன்.